மஞ்சம்புல்லுக்குக் கோடையில் தண்ணீர் விட்டேன்

ஓசூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் தோட்டப் பிரிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வாழ்த்துச் சொல்ல எனக்கு வராது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இது செடி வளர்க்கும் வேலை என்று நினைத்து வந்திருந்தால் அந்த நினைப்பை கேட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். செடி தானாக வளரும். அதை வளர விடாமல் செய்கிற ஆளிடமிருந்து காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை. பல சமயம் அந்த ஆள் நீங்களாகவே இருப்பீர்கள். நான் இருந்தேன்.

சிங்காரப்பேட்டை பக்கம் என் ஊர். தோட்டக்கலையில் டிப்ளமா. இருபத்தெட்டு வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ரோஜாவை எப்படிக் கவாத்து செய்வது, புல்தரைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை மருந்து என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன். அந்தத் தப்பின் அடியில் ஐந்து வீடுகள் இருந்தன. வீடுகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். ராயக்கோட்டைச் சாலையில் ஒரு குன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி, மேடை போலச் சமப்படுத்தி அதன்மேல் கட்டிய ஆலை. மேடையின் பின்பக்கம் மூன்று மாடி உயரத்துக்குச் சரிவாக இறங்கி, அடியில் ஒரு தடுப்புச் சுவரில் முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட ஐந்து வீடுகள் ஒரே வரிசையில். ஆலை வருவதற்கு முன்பே இருந்த வீடுகள். ஒரு காலத்தில் அந்த நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள், இப்போது எங்கள் ஆலையிலேயே கேண்டீன், துப்புரவு, தோட்டம் என்று ஒப்பந்த வேலை செய்தார்கள்.

வெட்டிய பக்கத்தில் மிஞ்சி நிற்கும் மண்ணை நம்பலாம். அது குன்றோடு ஒட்டி நிற்கும். கொட்டிய மண் அப்படி இல்லை. பத்து வருடம் ஆனாலும் அதற்குத் தான் எந்த ஊர் என்று தெரியாது. வேர் போய்க் கட்டிப் பிடித்தால்தான் நிற்கும். அந்தச் சரிவில் நான் முதலில் பெங்களூரிலிருந்து புல்தரைப் பாய்களை வாங்கி விரித்தேன். முதல் மழையில் அவை படுக்கையைச் சுருட்டியது போல உருண்டு சுவரடியில் கிடந்தன. மாட்டுத் தீவனப் புல் நடலாம் என்றார் ஒரு ஒப்பந்தக்காரர். சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கும் பக்கத்தில் தீவனப் புல் நடுவதும் யானைக்குப் பந்தி போடுவதும் ஒன்றுதான். வேண்டாம் என்றேன்.

என் தோட்டக் குழுவில் ராமக்கா என்று ஒருவர் இருந்தார். என் வயதுதான். அந்த ஐந்து வீடுகளில் நடு வீடு அவருடையது. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், எரு கொண்டுவரும் லாரிக்காரரிடம் கன்னடம் பேசுவார். உருண்டு கிடந்த புல்பாய்களை அள்ளிக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"மேடம், நம்ம மலைல மாடு வழுக்குற எடத்துலகூட ஒரு புல்லு நிக்குது, பாத்திருக்கீங்களா?"

"எது?"

"மஞ்சம்புல்லு. கூரைக்குப் போடுவாங்களே. ஷீட்டு போடறதுக்கு முன்னால எங்க வூட்டு மேல அதான் கெடந்துச்சு. புடிச்சு இழுத்துப் பாருங்க. கைதான் கிழியும், புல்லு வராது."

ராயக்கோட்டைக்கு அப்பால் ஒரு விவசாயியின் சொந்தக் கரட்டு மேட்டுக்கு இரண்டு பேரும் போனோம். இழுத்துப் பார்த்தேன். கை கிழிந்தது. புல் வரவில்லை. கடப்பாரை போட்டு ஒரு தூரைப் பெயர்த்தோம். இடுப்பளவு குழி ஆன பிறகும் வேரின் முனை கிடைக்கவில்லை. "போதும் வுடுங்க மேடம், அது கீழ பெங்களூர் வரைக்கும் போவும்" என்றார் ராமக்கா.

இந்தப் புல்லை நீங்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மழையில் முளைத்து அடுத்த வெயிலில் சாகிற புல் இல்லை. ஒரு தூர் பல வருடம் அதே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் அடியிலிருந்து சுற்றிலும் குருத்து வெடித்துத் தூர் அகலமாகும். ஆள் உயரம் வளரும். இலையின் ஓரம் ரம்பம். கசக்கினால் எலுமிச்சை வாசனை அடிக்கும். இலையில் அந்த எண்ணெய் இருப்பதால் முற்றிய புல்லை மாடு சீண்டாது. யானையும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். மழை முடிந்து பனி இறங்கும்போது கதிர் விடும். தை போனதும் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும். பங்குனியில் பார்த்தால் மலை முழுக்க வைக்கோல் நட்டது போல இருக்கும். செத்துவிட்டது என்று சத்தியம் செய்வீர்கள்.

செத்திருக்காது. மண் மட்டத்தில், பழைய இலைகளின் உறைகளுக்குள்ளே, அடுத்த வருடத்து மொட்டுகள் மூடிக்கொண்டு இருக்கும். அந்த மொட்டுகளைக் காப்பாற்றத்தான் புல் தன் இலையைக் காய விடுகிறது. மேல்மண் காயக் காய வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்கு இறங்கும். அப்படி இறங்கிய வேர்தான் மழையில் சரிவைப் பிடித்து நிறுத்தும். அதற்கு வேண்டியது முழு வெயில், தண்ணீர் தங்காத சரிவு, கல்லும் மொரம்புமான சத்தில்லாத மண். நிழலும் தேங்கும் தண்ணீரும் அதற்கு ஆகாது. உரம் அதிகமானால் மேலே கொழுத்து அடியில் இளைக்கும். வருடத்தில் நான்கு மாதம் அதைத் தாகத்தோடு விட்டுவிட வேண்டும். இதைவிட லேசான பராமரிப்பு எந்தச் செடிக்கும் கிடையாது. ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தால் போதும்.

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கேவலம். தெரியாமல் செய்தவள் இல்லை நான்.

ஆடி மழையில் தூர்களைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, சரிவுக்குக் குறுக்காக வரிசை வரிசையாக நட்டோம். இரண்டு வருட மழை வந்தது. மண் அசையவில்லை. தண்ணீர் வடிவதற்காகத் தடுப்புச் சுவரில் விட்ட ஓட்டைகளில் பெருமழைக்கு மட்டும் கொஞ்சம் தெளிந்த நீர் வரும், பிறகு காய்ந்துவிடும். இரண்டு கோடையிலும் புல் வைக்கோலாக நின்றது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது கோடையில் ஆலைக்குப் புதுத் தலைவர் வந்தார். கெட்டவர் இல்லை. இயந்திரம் தெரிந்தவர், மண் தெரியாதவர். வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்:

"என்ன மேடம், பின்பக்கச் சரிவு மொத்தமும் செத்துப்போச்சு?"

"சாகல சார். இந்தப் புல் கோடையில இப்படித்தான் இருக்கும். மழை வந்தா துளுத்துரும்."

"மழைய நான் எங்க போய் ஆர்டர் பண்றது? அஞ்சு வாரத்துல வெளிநாட்டு கஸ்டமர் வர்றாங்க. ரோட்டு வளைவுல திரும்பினா முதல்ல கண்ணுல படறது அந்தச் சரிவுதான். முன்னாடி பசுமைத் தொழிற்சாலைன்னு போர்டு, பின்னாடி வைக்கோல்போர். சிரிக்க மாட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். பராமரிப்புப் பிரிவின் தலைமைப் பொறியாளர் கை தூக்கினார். "சார், தண்ணி என்கிட்ட இருக்கு. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க."

இது நம் தொழிலில் மட்டும் நடக்கிற கூத்து. புதியவர்களுக்குச் சொல்கிறேன். ஆலையின் கழிப்பறை, கேண்டீன் தண்ணீரையெல்லாம் சுத்திகரித்து வளாகத்துக்குள்ளேயே செடிகளுக்கு விட வேண்டும். வெளியே ஒரு சொட்டுப் போகக்கூடாது. ஆள் கூடக் கூடத் தண்ணீரும் கூடும். மற்ற இடங்களில் தோட்டக்காரர் தண்ணீரைத் தேடி அலைவார். இங்கே தண்ணீர் தோட்டக்காரரைத் தேடி அலையும். உங்கள் தோட்டத்தை ஒரு வடிகாலாகத்தான் பராமரிப்புப் பிரிவு பார்க்கும். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் தொட்டி வழிகிறது. ஆனால் எந்தச் செடி அந்தத் தண்ணீரைக் குடிக்கும், எது குடிக்காது என்று சொல்ல வேண்டியது நீங்கள்.

நான் சொன்னது வேறு. "பண்ணிடலாம் சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்த மேசையில் நான் ஒருத்திதான் பெண். அதற்கு முந்தைய வாரம்தான் அவர், தோட்டத்துக்குத் தனியாக ஒரு சூப்பர்வைசர் எதற்கு என்று கேட்டிருந்தார். முடியாது என்று சொல்பவளாக இருக்கப் பயந்தேன். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் சரிவில் குழாய் இழுத்துத் தெளிப்பான்களைப் பொருத்தினோம். ராமக்கா குழாயைப் பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னா மேடம் இது? அது தூங்குது. தூங்குறவன் வாயில தண்ணிய ஊத்துனா என்னா ஆவும்?"

"கஸ்டமர் வர்றாங்க ராமக்கா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"கஸ்டமருக்குப் பச்சை வோணும்னா பெயிண்டு அடிங்க. புல்லு வேணாம்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டிப்ளமா படிச்சது நீயா நானா? புடி குழாயை" என்றேன். அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் குழாயைப் பிடித்தார். அந்த மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பதினைந்து நாளில் சரிவு பச்சையானது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கேண்டீன் சுவரில் மாட்டினார்கள். ஆலைத் தலைவர் எனக்குக் கை கொடுத்தார். நான் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன்.

கஸ்டமர் போன அன்றே வால்வை மூடியிருந்தால் அந்தப் புல் என்னை மன்னித்திருக்கும். மூடப் போனேன். தலைமைப் பொறியாளர் வந்து நின்றார். "மூடிட்டா எங்க விடறது மேடம்? புது ஷிப்ட் வேற ஆரம்பிச்சிட்டாங்க. டேங்க் ரொம்பி வழியுது. இந்த மாசம் மட்டும் ஓடட்டும்." ஓடட்டும் என்றேன். முதல் தப்புக்காவது பயம் காரணம். இரண்டாவதற்குச் சோம்பேறித்தனம். இரண்டாவதுதான் பெரிய தப்பு. ஏப்ரல், மே, ஜூன் என்று தினமும் ஓடியது.

அறிகுறிகள் வந்தன. மழையே இல்லாத மே மாதத்தில் தடுப்புச் சுவரின் ஓட்டைகளில் தண்ணீர் வடிந்தது. கீழ் வீட்டுப் பெண்கள் அங்கே குடத்தை வைத்துப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொண்டார்கள். ராமக்காவின் கொழுந்தன் நாகராஜ், ஆலை பஸ் ஓட்டுபவர், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மேடம், பஞ்சாயத்து போட்டுக் குடுக்காத கொழாய நீங்க போட்டுக் குடுத்துட்டீங்க. அடுத்த எலெக்‌ஷன்ல நீங்க நில்லுங்க." நானும் சிரித்தேன். கொட்டிய மண் தண்ணீரால் நிரம்பிச் சுவர் வழியாகக் கசிகிறது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூலையில் களை எடுத்துக்கொண்டிருந்த ராமக்கா ஒரு தூரைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். மேலே தளதளவென்று பச்சை. அடியில் கறுப்பு. சாக்கடை வாசனை. வேர் ஒரு சாண்கூட இல்லை. மேலேயே தினமும் தண்ணீர் கிடைத்தால் வேர் எதற்குக் கீழே போகும்? புது மொட்டுகள் உறைக்குள்ளேயே அழுகியிருந்தன.

"எங்க புடுங்குன?"

"புடுங்கல மேடம். தொட்டன், வந்துருச்சு."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூஞ்சாணம், மருந்து அடிக்கலாம் என்றேன். வால்வைப் பாதி மூடினேன். பாதி. சந்தேகம் வந்த பிறகு பாதி மூடுவது கோழையின் வேலை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் நான்கு நாள் விடாமல் மழை. முதல் நாளே வால்வை முழுதாக மூடிவிட்டேன், ஆனால் அது யாருக்கு என்ன பயன்? நான்காம் நாள் காலை சரிவின் மேல் விளிம்பில், பைக் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், தரையில் ஒரு விரிசல் பார்த்தேன். விரல் போகிற அகலம். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டுவிட்டு வந்தேன். பகல் ஒரு மணிக்குப் போனால் கை போனது. கீழே இறங்கிச் சுவரைப் பார்த்தேன். ஓட்டைகளில் தண்ணீர் செம்மண் குழம்பாக வந்துகொண்டிருந்தது. சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளியிருந்தது.

படம் எடுத்து ஆலைத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அவர் அறைக்கு ஓடினேன்.

"சார், கீழ வீடுகளைக் காலி பண்ணணும். இப்பவே."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் சொன்னார்: "பெங்களூர்ல இருந்து சிவில் ஆலோசகர் நாளைக்குக் காலைல வர்றார். அவர் பார்க்கட்டும். நம்மளா போய்க் காலி பண்ணுங்கன்னு சொன்னா, நம்ம தப்புன்னு ஆயிடும்."

"நம்ம தப்புதான் சார்."

"நம்ம தப்பா, உங்க தப்பா மேடம்? இத்தனை மாசம் தண்ணி விட்ட ரெஜிஸ்டர்ல யார் கையெழுத்து?"

என் கையெழுத்துதான். ஒவ்வொரு நாளும். அவர் என்னை மிரட்டவில்லை. நடக்கப் போவதைச் சொன்னார். வெளியே வந்து கேண்டீனில் ஒரு டீ வாங்கினேன். அந்த டீ தீரும் வரை என் வேலையைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆலோசகர் நாளைக்கு வருவார். இதற்கு முன்னாலும் பெருமழை வந்திருக்கிறது. இப்படியெல்லாம். அந்த நேரத்துக்குள் மண் இறங்கியிருந்தால் அந்தப் பழியோடு இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். டம்ளரை வைத்துவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் கீழே போனேன்.

பகல் இரண்டரை மணி. முதல் வீட்டில் ஒரு பாட்டியும் குழந்தையும். அடுத்ததில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் இரண்டு பேர். நடு வீட்டு வாசலில் ராமக்கா. அன்று மழையால் தோட்ட வேலை இல்லை. நாகராஜ் உள்ளே போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். கடைசி இரண்டு வீடுகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க. மண்ணு சரியற மாதிரி இருக்கு. சமுதாயக் கூடத்துக்குப் போயிடுங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. உள்ளிருந்து நாகராஜின் குரல் மட்டும் வந்தது. "மழைக்கெல்லாம் ஓடுனா நாங்க வருசத்துக்கு நாலு தடவ ஓடணும் மேடம். இந்த மலைய நான் பொறந்ததுல இருந்து பாக்கறன். நைட்டு ட்யூட்டி வேற இருக்கு. போங்க, போய் புல்லுக்குத் தண்ணி வுடுங்க."

"கம்பெனி சொல்லிச்சா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார் கடைசி வீட்டுக்காரர். நல்ல கேள்வி. எனக்கு அவர்களைப் போகச் சொல்ல எந்த அதிகாரமும் இல்லை. நனைந்துகொண்டு நின்றேன். மழை என்று சொன்னால் இவர்கள் நகர மாட்டார்கள். மழையை இவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் என் கதை முடிந்தது.

சொன்னேன். "இது மழையால இல்ல. என்னால. கோடை முழுக்க அந்த மண்ணுக்குத் தண்ணி விட்டது நான். நீங்க கொடத்துல புடிச்சீங்களே, அது மலைத் தண்ணி இல்ல, நான் விட்ட தண்ணி. புல்லு வேரெல்லாம் அழுகிப்போச்சு. இப்ப அந்த மண்ணைப் புடிக்க ஒண்ணுமே இல்ல. மேல கை போற அளவு வெடிச்சிருக்கு. எனக்கு ஜூலையிலேயே தெரியும். சொல்லல."

ராமக்கா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திரும்பி உள்ளே போனார். கொழுந்தன் மேலிருந்த போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தார். "லெய்ரா, எந்திரி!"

"வதினா, என்னா?" அண்ணியைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அந்தம்மா சொல்றதுக்கெல்லாம்..."

"அந்தம்மா வேலை போறத பத்திக்கூட நெனைக்காம தப்பை ஒத்துக்கினு நிக்குது. பொய்யி சொல்றவ இப்டி நனஞ்சிக்கினு நிக்க மாட்டா. சிலிண்டர தூக்கு."

அதன் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராமக்கா வீடு வீடாகப் போய்த் தெலுங்கில் நாலு சொல், கன்னடத்தில் நாலு சொல். முக்கால் மணி நேரத்தில் ரேஷன் கார்டு, சிலிண்டர், டிவி, ஏழு ஆடு, பாட்டி, குழந்தை, எல்லாம் சமுதாயக் கூடத்தில். டிவியைத் தலையில் சுமந்துகொண்டு நாகராஜ் என்னைக் கடந்து போகும்போது சொன்னார்: "மண்ணு மட்டும் சரியல, அப்புறம் இருக்கு உங்களுக்கு." சரியாமல் இருந்து அவர் என்னைக் கேலி செய்வதையே நானும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் சரிந்தது. பெரிய சத்தம் இல்லை. டிப்பர் லாரி மண் கொட்டுகிற சத்தம், கொஞ்சம் நீளமாக. சுவர் உடைந்து நடுவிலிருந்த மூன்று வீடுகளுக்குள் ஜன்னல் மட்டம் வரை சேறு நிரம்பியது. நாகராஜ் படுத்திருந்த கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தச் சேற்றின் மேல் என் பச்சைப் புல் சாயாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஆலோசகர் வந்தார். சரிவின் மேற்கு ஓரத்தில் தெளிப்பான் எட்டாத ஒரு துண்டு இருந்தது. அங்கே மண் ஒரு அங்குலம் நகரவில்லை. அந்த இடத்தில் ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வேரின் முனை கிடைக்கவில்லை.

அறிக்கையில் கனமழை என்று மட்டும் எழுதினால் போதும் என்றார் ஆலைத் தலைவர். அந்தப் புல்லே இந்த மண்ணுக்கு ஒத்துவராது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நான் தேதி வாரியாகத் தண்ணீர் விட்டதை எழுதினேன், ஜூலையில் அழுகிய தூரைப் பார்த்ததையும் எழுதினேன். என் நேர்மையால் இல்லை. புல்மேல் பழி போட்டால் அடுத்து வருகிறவர் வேறு ஏதாவது நட்டு அதே வால்வைத் திறப்பார். கீழே அதே வீடுகள் இருக்கும். எனக்கு மெமோ வந்தது. இரண்டு வருடம் ஊதிய உயர்வு நின்றது. குறைவான தண்டனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கம்பெனி மூன்று வீடுகளையும் கட்டிக் கொடுத்தது. வேறு இடத்தில் தருவதாகச் சொன்னபோது ராமக்கா மறுத்துவிட்டார். "பட்டா இங்க இருக்குது. நான் எதுக்கு எழுந்து போவணும்? மண்ணைப் போவ சொல்லுங்க." சரிவைப் படிப்படியாக வெட்டிச் சாய்வைக் குறைத்து, அடியில் புதுச் சுவர் எழுப்பினார்கள். கழிவுத் தண்ணீருக்கு முன்பக்கச் சமதளத்தில் கல்வாழை நட்டோம். அது எவ்வளவு விட்டாலும் குடிக்கும். அதை அந்தக் கோடையிலேயே செய்திருக்க வேண்டும்.

மீண்டும் மஞ்சம்புல் நடும் நேரம் வந்தபோது ராமக்கா வேலைக்கு வரவில்லை. கூப்பிடப் போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"வரன். ஆனா சரிவுக்குப் போற வால்வு இருக்குதே, அது மேல இருக்கற சக்கரம் என்கிட்ட இருக்கணும்."

"அது மெயின்டெனன்ஸ் ஆளுங்க பொறுப்பு ராமக்கா. அப்படிக் குடுக்க முடியாது."

"அப்ப அவங்களயே புல்லு நடச் சொல்லுங்க."

"புது நாத்து நடும்போது கொஞ்சம் தண்ணி வேணுமே?"

"வோணும்னா நான் தொறக்கறன். போதும்னா நான் மூடறன். கீழ இருந்து பாத்தா எனக்குத் தெரியும்."

யாரிடமும் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துப் போய்ச் சக்கரத்தைக் கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். என் இருபத்தெட்டு வருட வேலையில் அனுமதி இல்லாமல் கம்பெனிப் பொருளை வெளியே கொடுத்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் கடப்பாரையோடு சரிவில் நின்றார். நான் "வாங்க ராமக்கா" என்றேன். "இந்த வரிசை கோணலா இருக்குது, பாருங்க" என்றார்.

அடுத்த பங்குனியில் சரிவு வைக்கோலாக நின்றது. ஆலைத் தலைவர் போன் செய்தார்.

"மேடம், மறுபடியும் காஞ்சு கிடக்கு. கல்வாழைக்கு விட்டதுபோகத் தண்ணி மிச்சம் இருக்கு. கொஞ்சம் காட்டலாம்னு பார்த்தா வால்வுக்குச் சக்கரமே இல்லையாம்."

"ராமக்கா கிட்ட இருக்கு சார்."

"யாரு, அந்தத் தோட்டக் கூலி அம்மாவா? ஒரு வால்வைத் திறக்க நான் போய் அவங்க கிட்டக் கேட்கணுமா?"

"ஆமா சார். கேளுங்க. அவங்க வீடுதான் கீழ இருக்கு."

 அவர் போனை வைத்துவிட்டார். அந்தக் கோடையில் யாரும் கேட்கப் போகவில்லை.